கடைசிப் பிரிவு: கல்வராயன் மலையும் சட்டமன்றத்தின் கணக்கும்

 

பூனா ஒப்பந்தத்தைப் பற்றி மாணவர்களிடம் பேசும்போதெல்லாம் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். அதன் கடைசிப் பிரிவு என்ன சொல்கிறது? 1932 செப்டம்பர் 24, எரவாடா சிறை, காந்தியின் உண்ணாநோன்பு, தனித்தொகுதிகள், மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள், அதில் சென்னை மாகாணத்துக்கு 30. இதுவரைக்கும் பிசகாமல் சொல்லிவிடுவார்கள். இரட்டை வாக்குரிமை பறிபோனதைச் சொல்லும்போது குரலும் உயரும். கடைசிப் பிரிவு என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஒன்பதாவது பிரிவு அது. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கான மானியத்திலிருந்து ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் கல்வி வசதிகளுக்கெனப் போதுமான தொகை தனியாக ஒதுக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். கையெழுத்திட்டவர்களில் பாபாசாகேப் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா மூவரும் இருக்கிறார்கள். அரசியல் வழியில் மூவரும் ஒரே பக்கம் நின்றவர்கள் அல்ல. இடத்தைப் பற்றி எட்டுப் பிரிவுகள் எழுதிவிட்டு, எழுவதற்கு முன் பணத்தைப் பற்றியும் ஒரு பிரிவு எழுதிவைத்தார்கள்.

‘ஒதுக்கீடு’ என்ற சொல்லுக்கு அன்றே இரண்டு பொருள் இருந்தது. ஒன்று இடம், மற்றொன்று பணம். இட ஒதுக்கீட்டில் யாராவது கை வைத்தால் ஊருக்கு ஊர் தெருவில் இறங்குகிறோம். நிதி ஒதுக்கீட்டில் கை வைத்தால், பெரும்பாலும் கை வைத்ததே நமக்குத் தெரிவதில்லை. நம் பெயரால் ஒதுக்கப்படும் பணத்தைச் சட்டமன்றம் எப்படிக் கண்காணித்தது, எங்கே கண்காணிக்காமல் விட்டது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பேசும் இடம் கள்ளக்குறிச்சி என்பதால் கல்வராயன் மலையிலிருந்தே பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1919 சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின் அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நம்மவர்கள் நியமன உறுப்பினர்களாக உள்ளே போனார்கள். ஓட்டுப் போடச் சொத்தும் வரியும் தகுதியாக இருந்த காலத்தில் நமக்கு வேறு வாசல் கிடையாது. 1922இல் ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்ற பெயர்களுக்கான தீர்மானத்தை எம்.சி.ராஜா கொண்டுவந்தார். 1924இல் பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடங்களில் நுழையும் உரிமைக்கான தீர்மானம் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தது. இவ்விரண்டும் நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுபவை.

அதே காலத்தில் லேபர் கமிஷனர் அலுவலகம் என்று ஒன்று இயங்கியதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒடுக்கப்பட்டோருக்கு மனை வாங்கித் தருவது, கிணறு வெட்டுவது, பள்ளி திறப்பது ஆகியவை அந்தத் துறையின் வேலைகள். இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறைக்கு அதுதான் பாட்டன். 1921இல் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் நடந்தபோது, அந்தத் துறை ஆதிதிராவிடருக்குச் செல்லம் கொடுக்கிறது என்று நீதிக்கட்சிக்காரர்களே குற்றஞ்சாட்டினார்கள். எம்.சி.ராஜா அந்தக் கட்சியை விட்டு வெளியேறியதற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம். ஒரு துறையின் தலையில் கை வைத்தால் எத்தனை சேரிகளுக்குக் கிணறு போய்விடும் என்பது அன்றைய நம் உறுப்பினர்களுக்குத் தெரிந்திருந்தது. எண்ணிக்கையில் விரல்விட்டு எண்ணும்படி இருந்தவர்கள், நியமனத்தில் வந்தவர்கள். இன்று 234 பேர் கொண்ட பேரவையில் 44 பட்டியல் சாதித் தனித்தொகுதிகள் இருக்கின்றன. கள்ளக்குறிச்சியும் அதில் ஒன்று.

பாபாசாகேப் பொருளாதாரம் படித்தவர் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். எந்தப் பொருளாதாரம்? கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதி, 1925இல் நூலாக வந்த ஆய்வு, பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி வளர்ந்த வரலாறு. மத்திய அரசுக்கும் மாகாணத்துக்கும் இடையில் பணம் எப்படிப் பிரிந்தது, அதற்கு யார் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதே அதன் பேசுபொருள். அந்த மனிதர்தான் பிறகு அரசமைப்பில் வரவு செலவுப் பிரிவுகள் எழுதப்பட்டபோது வரைவுக் குழுவின் தலைவராக இருந்தார். 1949 மே மாதம், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பற்றிய பிரிவு அரசமைப்பு அவையில் விவாதத்துக்கு வந்தது. அரசமைப்பில் உள்ள அலுவலர்களிலேயே இவர்தான் முக்கியமானவர், இவருடைய கடமை நீதித்துறையின் கடமையைவிடப் பெரியது என்னும் பொருளில் அவர் பேசினார். நீதிமன்றத்தைவிடக் கணக்குப் பார்ப்பவன் பெரியவன் என்று ஒரு சட்ட மேதை சொல்கிறார் என்றால் நின்று யோசிக்க வேண்டும். பேரவை ஒப்புதல் தராமல் ஒரு ரூபாயும் கருவூலத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. அது எந்த வேலைக்கு என்று போனதோ அந்த வேலைக்குத்தான் போனதா என்று பார்த்துப் பேரவைக்கே திரும்பச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவர் எழுப்ப நினைத்த ஜனநாயகத்துக்கு இவை இரண்டும் தூண்கள்.

இனி மலைக்கு வருவோம்.

கல்வராயன் மலையின் பழைய தென்னார்க்காட்டுப் பக்கத்தில் மூன்று ஜாகிர்கள் இருந்தன. சடையக் கவுண்டன் ஜாகிர், குரும்பக் கவுண்டன் ஜாகிர், ஆரியக் கவுண்டன் ஜாகிர். சேலம் பக்கத்தில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன். வெள்ளைக்காரன் சமவெளியில் ஊர் ஊராக நிலத்தை அளந்து செட்டில்மெண்ட் போட்டபோதும் இந்த மலை ஜாகிர்தார்கள் கையிலேயே இருந்தது. வரி அவர்களுக்கு, உழைப்பும் அவர்களுக்கு. நாடு விடுதலை அடைந்தும், குடியரசு ஆகியும், ஜாகிர் முறை ஒழிப்புச் சட்டங்கள் வந்தும் இழுபறி தொடர்ந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஜூன் மாதத்தில்தான் அரசு மலையைத் தன் கையில் எடுத்தது என்பதும், மலைமக்களுக்கு ஓட்டுரிமை 1996இல்தான் கைக்கு வந்தது என்பதும் 2024இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் எடுத்துவைக்கப்பட்ட வரலாறு. அந்த வழக்குக்குப் பிறகு வருகிறேன்.

இந்த இரண்டு ஆண்டுகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1976, 1996.

இந்திய அரசு அய்ந்தாம் அய்ந்தாண்டுத் திட்டத்தில், 1974இல், பழங்குடியினர் துணைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பழங்குடியினருக்கு என்று தனித்தனியாகச் சில்லறைத் திட்டங்கள் போடுவதை விட்டுவிட்டு, எல்லாத் துறைகளின் திட்டச் செலவிலிருந்தும் அவர்கள் பங்கைப் பிரித்து வை என்பதுதான் அதன் கருத்து. எழுபதுகளின் நடுவில் தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டப் பகுதிகளாக எடுத்துக்கொள்ளப்பட்ட மலைகளில் ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது மலை, பச்சமலை, சித்தேரி ஆகியவற்றோடு கல்வராயன் மலையும் ஒன்று. அதாவது அரசு மலைக்குள் நுழைந்ததும், மலையின் பெயரில் நிதித் தலைப்பு திறக்கப்பட்டதும் ஏறக்குறைய ஒரே சமயம். ஓட்டு வந்தது இருபது ஆண்டு கழித்து. அந்த இருபது ஆண்டும் கோட்டையில் இவர்கள் பெயரால் பணம் கோரப்பட்டது, ஆம் என்போர் ஆம் என்றார்கள், நிறைவேறியது. அந்தப் பணம் எங்கே என்று கேட்க வேண்டிய உறுப்பினருக்கு இந்த மலையிலிருந்து ஒரு ஓட்டும் வேண்டியிருக்கவில்லை. வெள்ளிமலையிலும் இன்னாட்டிலும் கரியாலூரிலும் சாலையும் மருத்துவமும் ஏன் அவ்வளவு தாமதமாக ஏறின என்பதற்குச் சரிவையும் காட்டையும் காரணம் சொல்வார்கள். மலைச்சரிவு கொடைக்கானலிலும்தான் இருக்கிறது.

இன்றும் மலையின் கள்ளக்குறிச்சிப் பக்கம் சங்கராபுரம் பொதுத்தொகுதிக்குள் இருக்கிறது. சேலம் பக்கம், கருமந்துறை வட்டாரம், ஏற்காடு தனித்தொகுதியில். பழங்குடியினருக்குத் தமிழ்நாட்டில் தனித்தொகுதி ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. அரசமைப்பின் அய்ந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட அறிவிக்கப்படவில்லை என்பதால், ஆளுநர் ஆண்டுதோறும் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை அனுப்பும் அந்த ஏற்பாடும் இந்த மலைக்குக் கிடையாது. ஆக, மலையின் பணத்தைப் பார்க்கச் சட்டமன்றத்தை விட்டால் வேறு நாதியில்லை.

பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80இல் வந்தது. அதை வடிவமைத்ததில் பி.எஸ்.கிருஷ்ணன் என்ற அதிகாரிக்குப் பெரிய பங்கு உண்டு. 1980 மார்ச்சில் இந்திரா காந்தி எல்லா மாநில முதலமைச்சர்களுக்கும் இதை வலியுறுத்திக் கடிதம் எழுதினார். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, பழங்குடியினர் 1.1 விழுக்காடு. திட்டச் செலவிலும் அதே விகிதம் வேண்டும் என்பது கணக்கு. வரவு செலவுப் புத்தகங்களில் இதற்கு அடையாள எண் உண்டு. 789 என்ற சிறுதலைப்பு வந்தால் அது பட்டியல் சாதியினர் பங்கு. 796 வந்தால் பழங்குடியினர் பங்கு. இந்தத் தோழர்களில் சிலருக்கு அய்.பி.சி. பிரிவுகள் மனப்பாடம். இந்த இரண்டு எண்களையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண் இருப்பதனாலேயே பணம் வந்துவிட்டது என்று பொருளல்ல. ஒரு துறை நூறு ரூபாய்க்கு ஒரு பொதுத் திட்டம் போடுகிறது. அது எல்லாருக்குமானது. நிதித்துறை இருபது ரூபாயை எடுத்து 789இல் எழுது என்கிறது. துறையும் எழுதுகிறது. திட்டம் ஒரு மயிரிழையும் மாறவில்லை. சேரிக்குத் தனியாக எதுவும் போகவில்லை. ஆனால் புத்தகத்தில் நம் பங்கு 20 விழுக்காடு நிறைந்துவிட்டது. இதற்குக் ‘கற்பித ஒதுக்கீடு’ என்று பெயர் சொல்லலாம். தில்லி அரசு 2010 காமன்வெல்த் விளையாட்டுச் செலவுகளுக்குச் சிறப்புக் கூறுத் திட்டப் பணத்தில் 700 கோடிக்கும் மேல் மாற்றிவிட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் வழி அம்பலமானபோது நாடாளுமன்றமே அதிர்ந்தது. அப்போது உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் மாநிலங்களவையில் அந்தத் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. தமிழ்நாட்டில் 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு இந்தத் துணைத் திட்ட நிதி எடுக்கப்படுவதாகப் புகார் எழுந்து, தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் மாநில அரசிடம் விளக்கம் கேட்டது. மகளிர் உரிமைத் தொகை நல்ல திட்டம். நம் வீட்டுப் பெண்களும் வாங்குகிறார்கள். ஆனால் குடிமகளாக அவளுக்கு வர வேண்டியதை அவளுடைய சாதிப் பங்கிலிருந்தே எடுத்துக் கொடுத்தால், வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றியதுதான் மிச்சம். கர்நாடகத்திலும் இதே சண்டை நடந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த வழியில் கால் வழுக்குகிறது என்பதற்காகத்தான் மூன்று மாநிலங்களைச் சொன்னேன்.

இப்போது கோட்டைக்குள் போவோம். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறைக்குப் பேரவையில் மானியக் கோரிக்கை எண் 4. ஆண்டுதோறும் அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறார். உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொடுக்கிறார்கள். வெட்டுத் தீர்மானம் என்பது, இந்தக் கோரிக்கையிலிருந்து இவ்வளவு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, அந்தச் சாக்கில் ஒரு குறையை அவையின் முன் வைக்கும் வழி. அருமையான கருவி. நடைமுறையில் உறுப்பினர் எழுந்தால் முதல் சில நிமிடம் தலைவருக்கு நன்றி, அடுத்த சில நிமிடம் தொகுதிக்கு ஒரு பாலம், ஒரு பேருந்து நிலையம். அதற்குள் மணி அடித்துவிடும். அமைச்சர் பதில் சொல்வார், புதிய அறிவிப்புகள் படிப்பார், மேசைகள் தட்டப்படும். சென்ற ஆண்டின் அறிவிப்பு எங்கே போயிற்று என்று புத்தகத்தைக் கையில் வைத்துக் கேட்டவரை விரல்விட்டு எண்ணலாம்.

2024 ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் மறக்க முடியாத மாதம். ஜூன் 18, 19 தேதிகளில் இதே கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில் சாவு தொடங்கியது. 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மூட்டை தூக்கியவர்கள், பெயின்ட் அடித்தவர்கள், கூலிக்குப் போனவர்கள். நம் தெருக்காரர்கள்தான் அதிகம். கணவனும் மனைவியும் சேர்ந்து செத்த வீடுகள் உண்டு. வழக்கம்போல விரல் மலையை நோக்கி நீண்டது. மலைக்காரன் காய்ச்சுகிறான் என்று. கருணாபுரத்தில் கொன்றது மலைச் சாராயம் அல்ல, மெத்தனால். அது எந்த மலையிலும் ஊறலில் விளைவதில்லை, ஆலைகளுக்காகச் செய்யப்படும் சரக்கு.

ஜூன் 20ஆம் தேதி பேரவை கூடியது. எதற்காக? மானியக் கோரிக்கைகள் மீதான விவாதத்துக்காக. 29ஆம் தேதி முடிந்தது. அய்ம்பதுக்கு மேற்பட்ட கோரிக்கைகள், பத்து நாள்களுக்குள். கள்ளச்சாராயச் சாவுகள் குறித்து விவாதம் கேட்ட முதன்மை எதிர்க்கட்சியினர் 26ஆம் தேதி அந்தக் கூட்டத்தொடர் முழுவதற்கும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு, அது இப்போது வேண்டாம். அதே கூட்டத்தொடர் முடிவதற்குள் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, கள்ளச்சாராயத்துக்குத் தண்டனையைக் கூட்டிய மதுவிலக்குத் திருத்தம். மற்றொன்று, நாற்பது ஆண்டுகளாகத் தலித் இயக்கங்கள் தமிழ்நாட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம். மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் நிதி ஒதுக்குவது இனி அரசின் விருப்பமல்ல, சட்டக் கடமை.

மகிழ்ச்சியான செய்திதான். அன்று இரவு நானும் இனிப்பு வாங்கிக் கொடுத்தவன். ஆனால் ஆந்திரத்தில் இது எப்படி வந்தது என்று ஒப்பிட்டால் ஒன்று உறுத்துகிறது. பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தில் தலித் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் புத்தகங்களைப் புரட்டி, துறைவாரியாகத் தொகையை எடுத்துக்காட்டி, கட்சிகளை உலுக்கின. இந்த ஒரே சட்டத்துக்காக 2012 நவம்பர் 30 முதல் டிசம்பர் 2 வரை அங்கே சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டம் நடந்தது. மூன்று நாளும் இதையே பேசினார்கள். அந்தச் சட்டத்துக்குப் பத்தாண்டு ஆயுள் என்று அவர்களே கெடு வைத்தார்கள், மறுபடி அவைக்கு வந்து நிற்கட்டும் என்று. நம் சட்டம் வந்த வேகத்தில், அதைத் தாங்கிப் பிடித்துக் கேள்வி கேட்க வேண்டிய ஒரு பேரவைப் பழக்கம் கூடவே வரவில்லை.

அந்தப் பழக்கத்துக்கு ஓர் இடம் வேண்டும். கேரளத்தில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள் இருக்கின்றன. மானியக் கோரிக்கை அவைக்கு வருமுன் அந்தக் குழு உட்கார்ந்து பார்க்கிறது. நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இன்றுவரை இல்லை. செலவு செய்வதற்கு முன் கதவைத் தட்டிக் கேட்கும் குழு நமக்கில்லை. செலவுக்குப் பின் கேட்கும் குழுக்கள்தான் பொதுக் கணக்குக் குழுவும் பொது நிறுவனங்கள் குழுவும்.

பொதுக் கணக்குக் குழுவின் முன் வருவது தணிக்கை அறிக்கையும் நிதி ஒதுக்கக் கணக்கும். இந்த நிதி ஒதுக்கக் கணக்கு என்ற புத்தகத்தை ஒருமுறையாவது புரட்டிப் பாருங்கள். பேரவை ஒப்புக்கொடுத்த தொகை ஒரு பக்கம், செலவான தொகை ஒரு பக்கம். செலவாகாத தொகைக்கு அந்தப் புத்தகம் வைத்திருக்கும் பெயர் ‘சேமிப்பு’. மார்ச் 31க்குள் அதைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பெயர் ‘ஒப்படைப்பு’. விடுதியில் பாய் வாங்காமல் விட்டது சேமிப்பு. மலைப்பள்ளிக்கு ஆசிரியர் போடாமல் விட்டது சேமிப்பு. சேர்த்துவைக்கும் பழக்கம் நல்லது என்று நம் ஆத்தாமார்கள் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தச் சேமிப்பை அவர்கள் பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

நான் ஒரு ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவன். எந்த ஊர் என்பது வேண்டாம். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். கேட்டால் காப்பாளர் சொல்வார், “பணம் வரலைப்பா.” கெட்ட மனுசன் இல்லை, அவர் சொன்னதும் பொய்யாக இருந்திருக்காது. எங்கிருந்து வர வேண்டிய பணம், யார் ஒப்புக்கொடுத்தது, எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் தட்டைக் கவிழ்த்தோம், ஒரு நாள் மறியல் செய்தோம். அடுத்த வாரம் பருப்பு வந்தது. அதற்கடுத்த மாதம் மறுபடி போயிற்று. நாங்கள் போராடியது காப்பாளரோடு. கணக்குப் புத்தகம் கோட்டையில் இருந்தது.

தாட்கோ இன்னொரு விதம். 1974இல் கம்பெனிச் சட்டத்தின் கீழ் தொடங்கிய அரசு நிறுவனம். விடுதிகளும் பள்ளிக் கட்டடங்களும் கட்டுகிறது, மானியத்தோடு கடன் ஏற்பாடு செய்கிறது. இதன் தனி இயல்பைக் கவனிக்க வேண்டும். துறையிலிருந்து ஒரு தொகை நிறுவனத்துக்கு மாற்றப்படும் நாளிலேயே, துறையின் புத்தகத்தில் அது செலவு. கட்டடம் எழும்பியதா, கடன் பயனாளி கைக்குப் போனதா என்பது அதற்குப் பிறகான கதை. துறைக் கணக்கை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு நூறு செலவாகியிருக்கும். நிறுவனத்தின் வங்கிக் கணக்கையும் வேலைத்தளத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதற்காகவே சட்டம் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 395ஆம் பிரிவுப்படி மாநில அரசு நிறுவனத்தின் ஆண்டறிக்கை, தணிக்கைக் குறிப்போடு, சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். பொது நிறுவனங்கள் குழு அதை எடுத்து விசாரிக்கலாம். நாடு முழுவதும் மாநில நிறுவனங்கள் கணக்கை முடிக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுப்பதைத் தணிக்கையாளர் திரும்பத் திரும்ப எழுதுகிறார். கணக்கு முடியவில்லை என்றால் அறிக்கை இல்லை. அறிக்கை இல்லை என்றால் அவையில் கேள்வி இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு மானியம் மட்டும் நிற்பதில்லை. நம் வீட்டில் யாராவது பழைய கணக்குச் சொல்லாமல் மறுபடி பணம் கேட்டால் கொடுப்போமா?

தணிக்கை அறிக்கை வந்து, பொதுக் கணக்குக் குழு எடுத்து, துறை விளக்கம் தந்து, குழு பரிந்துரை எழுதி முடிக்கும்போது செலவு நடந்து பல ஆண்டுகள் ஓடியிருக்கும். செயலாளர் மாறியிருப்பார், சில சமயம் ஆட்சியே மாறியிருக்கும். 2021இல் அமைந்த பேரவையில் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக இருந்தவர் கு.செல்வப்பெருந்தகை, நம்மில் ஒருவர். நாடாளுமன்றத்தில் 1967 முதல் அந்தப் பதவி எதிர்க்கட்சிக்குத் தரப்படுகிறது. இங்கே ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிக்குப் போனது. ஆளைப் பற்றிய குறை அல்ல இது. கணக்குக் கேட்பவர் கணக்குச் சொல்பவரோடு ஒரே மேடையில் ஓட்டுக் கேட்டவராக இருக்கக் கூடாது என்ற எளிய நியாயம்.

இனி அந்த வழக்கு. கருணாபுரம் சாவுகளுக்குப் பின், 2024 ஜூலையில், சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரத்தைத் தாமாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி, ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. முதலமைச்சரோ அமைச்சரோ மலைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. நம் தோழர்கள் பலர் அந்த வழக்கைக் கொண்டாடினார்கள். கொண்டாடத்தான் வேண்டும். மலையின் ஜாகிர் வரலாறு ஒரு நீதிமன்றப் பதிவில் ஏறியது அதனால்தான்.

இருந்தாலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அங்கே நீதிபதிகள் கேட்டவை பெரும்பாலும் பேரவையில் கேட்கப்பட்டிருக்க வேண்டியவை. அரைநூற்றாண்டாக மலையின் பெயரால் பணம் எழுதப்பட்டிருக்கிறது. ஏன் இன்னும் டோலி கட்டிச் சுமக்கிறார்கள் என்று ஆண்டுக்கு ஒரு முறை, மானியக் கோரிக்கை எண் 4 வரும் நாளில், கேட்க உரிமையும் மேடையும் உள்ள அவை இருந்தது. அது கேட்காமல் விட்டதை நீதிமன்றம் கேட்டது. நீதிமன்றம் சாலை போடச் சொல்லலாம். அடுத்த ஆண்டு வரவு செலவில் அந்தச் சாலைக்கு எவ்வளவு, அதற்கடுத்த ஆண்டு பழுது பார்க்க எவ்வளவு என்று தொடர்ந்து நிற்பது அதன் வேலை அல்ல. வழக்கு முடியும், அமர்வு மாறும். மானியக் கோரிக்கை மட்டும் ஒவ்வொரு ஆண்டும் வந்தே தீரும்.

கடந்த சில மாதங்களாக நம் படிப்பு வட்டத்து மாணவர்கள் கொள்கை விளக்கக் குறிப்பையும் வரவு செலவுப் புத்தகத்தையும் நிதி ஒதுக்கக் கணக்கையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படித்து வருகிறார்கள். எல்லாம் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. முதல் வாரம் தலைசுற்றியது என்றார்கள். மூன்றாவது வாரத்தில் மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, கணக்கு என்ற மூன்று நிரல்களுக்கும் வித்தியாசம் பிடிபட்டுவிட்டது. மலையிலிருந்து வந்து கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை கேட்டாள்: “அண்ணா, மதிப்பீட்டில் இருக்கிற பணம் கணக்கில் இல்லையே, நடுவுல யார் எடுத்தாங்க?” யாரும் எடுக்கவில்லை, கொடுக்காமலே விட்டுவிட்டார்கள் என்றேன். “அது இன்னும் மோசமாச்சே” என்றாள்.

அவர்கள் சேர்ந்து ஒரு தாளில் ஆறு கேள்வி எழுதியிருக்கிறார்கள். 796இல் கல்வராயன் மலைக்கென்று எவ்வளவு, அதில் பொதுத் திட்டத்திலிருந்து பிரித்து எழுதியது எவ்வளவு? சென்ற மூன்று ஆண்டுகளில் ஒப்படைத்தது எவ்வளவு, ஏன்? மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் காலிப் பணியிடம் எத்தனை? மலையில் கட்டி முடிக்காத கட்டடங்களுக்குத் துறை எந்தத் தேதியில் பணம் மாற்றியது? தாட்கோவின் கடைசியாக முடிந்த ஆண்டுக் கணக்கு எந்த ஆண்டினுடையது, அது பேரவையில் வைக்கப்பட்ட நாள் எது? புதிய சட்டத்தின் கீழ் நம் மாவட்டத்துக்கு என்று தனியாக வகுக்கப்பட்டது என்ன? மாவட்டத்தின் நான்கு தொகுதிகளான கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், ரிஷிவந்தியம், உளுந்தூர்பேட்டை உறுப்பினர்களுக்கும், கூடவே ஏற்காட்டு உறுப்பினருக்கும், எந்தக் கட்சி என்று பாராமல், அடுத்த மானியக் கோரிக்கை நாளுக்கு இரண்டு வாரம் முன்பே இதை நேரில் கொடுப்பதாக இருக்கிறார்கள். கேள்வியாகவும் எழுப்பலாம், வெட்டுத் தீர்மானமாகவும் கொடுக்கலாம். அதற்கான மாதிரியும் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது.

தாளின் படிகள் வாசலில் புத்தக மேசை மேல் இருக்கின்றன. உறுப்பினரைப் பார்க்கப் போகிறவர்கள் தங்கள் ஊர்ப் பெயரை அங்குள்ள பேரேட்டில் எழுதிவிட்டுப் போங்கள். மலைக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் எழுதட்டும்.